பின்னங்காலில் நிற்கும் கதிரை

அக்காவின் மகன் தரம் 5 படிக்கிறான். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகிறது என்று வீட்டில் எல்லாருக்கும் பதற்றம், அவனைத் தவிர. பின்னேரம் விறாந்தையில் கொப்பியை விரித்து வைத்தால் பத்து நிமிடத்தில் கதிரையின் முன்னங்கால் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பிவிடும். பின்னங்காலில் நின்றபடி முன்னுக்கும் பின்னுக்கும் ஆடுவான். "ஆடாமல் இருந்து படியடா" என்று அக்கா அதட்டினால் ஆட்டம் நிற்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் படிப்பும் நின்றுவிட்டது தெரியும். கண் கொப்பியில்தான் இருக்கும், பக்கம் திரும்பாது.

குழப்படி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உட்காதைப் பற்றிப் படித்த பிறகு அந்தக் கதிரையை வேறு விதமாகப் பார்க்கிறேன்.

ஒவ்வொரு உட்காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. மூன்றும் மூன்று திசை பார்த்தபடி இருக்கும், உள்ளே திரவம். தலை திரும்பினால் குழாயும் கூடவே திரும்பும், திரவம் மட்டும் ஒரு கணம் பிந்தும். அந்தப் பிந்தல் மயிர்க்கலங்களின் (நுனியில் மயிர் போன்ற இழைகள் உள்ள உணர்கலங்கள்) இழைகளை வளைக்க, மூளைக்குச் செய்தி போகிறது. மாமரத்து ஊஞ்சலின் கயிற்றை முறுக்கிவிட்டுச் சுழன்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: ஊஞ்சல் நின்ற பிறகும் திரவம் ஓடும், முற்றமும் கிணற்றடியும் சேர்ந்து சுற்றும். குழாய்களுக்குப் பக்கத்தில் இரண்டு சிறு பைகள். அவற்றுக்குள் ஜெலி போன்ற படையின்மேல் தூசு போன்ற கற்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். தலை சரிந்தாலோ நேர்கோட்டில் நகர்ந்தாலோ இவை நழுவி உணர்த்தும். கல்சியம் காபனேற்றுதான். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடக்கிற சுண்ணக்கல்லும் அதேதான். கிணறு வெட்டுகிறவர்களின் அலவாங்கை முறிக்கிற பொருள் காதுக்குள் இத்தனை மெல்லியதாக!

கதிரை ஆடும்போது எழும் செய்திகள் முதலில் மூளைத்தண்டுக்குப் போகின்றன. நாம் தூங்கி வழிகிறோமா விழிப்பாக இருக்கிறோமா என்பதைக் கட்டுப்படுத்தும் நரம்பு வலையும் அங்கேதான் இருக்கிறது, இரண்டும் ஒன்றோடொன்று தொடுப்புள்ளவை. அதாவது அசைவு விழிப்பின் அளவையும் மாற்றுகிறது. விழிப்பு குறைந்தால் கவனம் நிற்காது, கூடினாலும் நிற்காது. 1908இல் யேர்க்ஸ், டொட்சன் என்ற இருவர் எலிகளை வைத்துச் செய்த சோதனையில் கடினமான பாடத்தை எலிகள் விரைவாகக் கற்றது தூண்டல் நடுத்தரமாக இருந்தபோதுதான். அவர்கள் எடுத்ததோ உட்காதுக் குறையால் ஓயாமல் சுழலும் 'நடன எலி'கள். இங்கேயும் காது வந்துவிட்டது, தற்செயலாக.

அதே ஆட்டத்தின் வேகம் மாறினால் விளைவும் மாறுகிறது. ஏணையில் ஒரே தாளமாக, மெதுவாக ஆட்டினால் குழந்தை உறங்கும். வெட்டி வெட்டித் திரும்பும் கிளித்தட்டு முடித்து வந்த பெடியனை எட்டு மணிக்குப் படுக்க வைத்துப் பாருங்கள்! உறக்கம் கண்ணுக்குக் கிட்டவும் வராது.

காதைத் தவிர இன்னொரு வழியும் உண்டு: தசை. தசையும் தசைநாணும் எவ்வளவு இழுபடுகின்றன என்பதை உணரிகள் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இழுக்கிற, தள்ளுகிற, பாரம் சுமக்கிற வேலை பல பிள்ளைகளை நிதானப்படுத்துகிறது என்பது தொழில்வழிச் சிகிச்சையாளர்களின், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்களின், அனுபவம். ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்கச் சிகிச்சையாளர் 1972இல் எழுதிய நூலில் புலன் ஒருங்கிணைப்பையும் (புலன்கள் தரும் செய்திகளை மூளை ஒன்றுசேர்ப்பது) கற்றல் இடர்களையும் இணைத்து விளக்கினார். ஆனால் இதில் எல்லாமே நிரூபணமாகவில்லை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2012இல் இத்தகைய சிகிச்சைகளுக்கான ஆதாரம் போதாது என்று எச்சரித்தது. கையைக் குறுக்கே போட்டுத் தொட்டால் மூளையின் இரு பாதிகளும் 'இணையும்' என்று சொல்லி விற்கிற பயிற்சிகளை நான் நம்பவில்லை. இரு பாதிகளும் ஏற்கெனவே ஏறக்குறைய 20 கோடி நரம்பிழைகளால் இணைந்துதான் இருக்கின்றன.

உறுதியாகச் சொல்லக்கூடியவையும் உண்டு. 2009இல் இலினோயில் ஒரு சோதனை: ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 20 பேரை 20 நிமிடம் வேகமாக நடக்கவைத்தார்கள். சும்மா இருந்த நாளைவிட நடந்த நாளில் கவனமும் வாசித்து விளங்குவதும் நன்றாக இருந்தன. 2015இல் வந்த இன்னொரு ஆய்வில், கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளைகள் அசைய அசைய நினைவுச் சோதனையில் மேலாகச் செய்தார்கள். மற்றப் பிள்ளைகளிடம் அந்தப் பயன் தெரியவில்லை. ஆகவே எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மருந்து கிடையாது. ஊஞ்சலைக் கண்டாலே பயந்து அழுகிற பிள்ளையும் உண்டு, அதை வற்புறுத்தி ஏற்றக்கூடாது.

சரி, எங்கள் வீட்டுக்கு வருவோம். மோட்டர் பூட்டிய பிறகு கிணற்றுக் கப்பியை யாரும் தொடுவதில்லை. அக்காவோடு கதைத்து, படிக்க இருக்குமுன் பத்து வாளி அள்ளி வாழைக்கு ஊற்றட்டும் என்று முடிவு செய்தோம். இழுப்பது தோளுக்கும் கைக்கும் நல்ல பாரம். யாராவது பெரியவர் பக்கத்தில் நிற்போம். இழுக்கும் தாளத்துக்கு அவனாகவே ஏழாம் வாய்பாட்டையும் சேர்த்துக்கொண்டான். கதிரை இன்னும் ஆடுகிறது, முன்னைவிடப் பிந்தி. கிணற்றடியில் எட்டேழு வரும்போது மட்டும் வாளி பாதி வழியில் நின்றுவிடுகிறது.