சேற்றில் இறங்கும் தங்கம்

கும்பகோணத்தில் எங்கள் தெருமுனைக் காயலான் கடையில் பழைய எலக்ட்ரானிக் போர்டு எது வந்தாலும், கடைக்கார அண்ணன் முதலில் அதை வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். ஓரத்தில் மஞ்சளாகப் பல்வரிசை மின்னினால் தனிச் சாக்கு. இல்லையென்றால் பழைய இரும்போடு போகும்.

அந்த மஞ்சள் தங்கமேதான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய பூச்சு. தாமிரம் காற்றுப்பட்டால் களிம்பேறும், தங்கத்தில் ஏறாது; அதனால்தான் மின்சாரம் தொட்டுப் போகிற இடங்களில் அதைப் பூசுகிறார்கள். சுரங்கத்தில் ஒரு டன் தாதுவை வெட்டினால் சில கிராம் தங்கம் தேறும். ஒரு டன் பழைய செல்போனில் நூறு கிராமுக்கு மேலேயே கிடக்கிறது. 2022-ல் உலகம் கழித்துப்போட்ட மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையான மறுசுழற்சிக்குப் போனது 22.3 சதவீதம்தான்.

சரி, எப்படிப் பிரிக்கிறார்கள்? பெரிய ஆலைகளில் போர்டுகளை நொறுக்கித் தாமிரத்தோடு சேர்த்து உருக்குகிறார்கள். உருகிய தாமிரம் தங்கம், வெள்ளி, பல்லேடியம் எல்லாவற்றையும் தனக்குள் வாங்கிக்கொள்ளும். சுவாமிமலைப் பஞ்சலோகத்தில் பொன்னும் வெள்ளியும் செம்போடு கலந்து கிடக்குமே, அந்த மாதிரி.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த கட்டம். அந்தத் தாமிரத்தைக் கனத்த தகடாக வார்த்து, கந்தக அமிலத்தில் மயில்துத்தம் கரைத்த தொட்டியில் தொங்கவிட்டு, குறைந்த மின்னழுத்தத்தில் மின்சாரம் பாய்ச்சுவார்கள். தாமிர அணு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுக் கரைந்துபோய், எதிரே தொங்கும் தகட்டில் சுத்தமாக ஒட்டிக்கொள்ளும். தங்கம் எலக்ட்ரானை லேசில் விடாது. அந்த மின்னழுத்தத்துக்கு அது கரையவே கரையாது. சுற்றியிருந்த தாமிரம் கரையக் கரையப் பிடிமானம் போய், வெள்ளியோடும் மற்றதோடும் கறுப்புச் சேறாகத் தொட்டியின் அடியில் இறங்கிவிடும். வெள்ளம் வடிந்த வயலில் வண்டல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அந்தச் சேற்றை அள்ளித்தான் தங்கத்தை எடுக்கிறார்கள்.

இதற்கெல்லாம் பெரிய உலை வேண்டும். உலை இல்லாதவர்கள் ஒயரைத் திறந்தவெளியில் கொளுத்திச் செம்பு எடுக்கிறார்கள். ஒயரின் மேலுறைப் பிளாஸ்டிக்கில் குளோரின் இருப்பதால் புகையில் டையாக்சின் என்ற நச்சு வரும். போர்டை அமிலத்தில் ஊறப்போட்டு மிச்சத்தை வாய்க்காலில் ஊற்றினால், ஈயமும் காட்மியமும் தண்ணீரோடு போகும்.

சூரிச்சிலுள்ள ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் வேறு வழி ஒன்றைக் காட்டினார்கள். பாலைத் திரித்துச் சீஸ் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீர்தான் மூலப்பொருள். (டிகிரி காப்பி ஊரில் பால் திரிந்தால் அன்றைய பொழுதே கெட்டது என்று அர்த்தம்.) அதிலுள்ள புரதத்தை அமிலத்தில் சூடாக்கினால் நுண்ணிய இழைகளாகப் பின்னிக்கொள்ளும். உலர்த்தினால் பஞ்சு. போர்டின் உலோகங்களைக் கரைத்த அமிலத்தில் இந்தப் பஞ்சைப் போட்டால், மற்ற உலோகங்களைவிடத் தங்க அயனிகளையே அதிகம் பிடிக்கும். பிறகு பஞ்சைச் சூடாக்கி, கிடைக்கும் தங்கச் செதில்களை உருக்க வேண்டியதுதான். 20 கம்ப்யூட்டர் மதர்போர்டுகளில் கிடைத்தது 450 மில்லிகிராம், 22 காரட். சின்ன மூக்குத்தி ஒன்றுக்குக் காணும்.

தாமிர உலையில் எல்லாமே தேறிவிடாது. செல்போனை அதிரவைக்கும் குட்டி மோட்டாரின் காந்தத்தில் நியோடிமியம் என்ற உலோகம் இருக்கிறது. உலையில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து கசடாகப் போய்விடும், முன்கூட்டியே கழற்றி வைத்தால்தான் உண்டு. நம் அண்ணனிடம், அந்த மோட்டாரைத் தனியாக எடுத்து வைப்பீர்களா என்று கேட்டேன்.

“அதுல என்ன தம்பி மஞ்சளாத் தெரியுது?” என்றார்.