பள்ளத்துக்குள் கிடக்கும் பாட்டு

வீட்டில் இசைத்தட்டும் டர்ன்டேபிளும் இருந்தால் ஒரு முறை இதைச் செய்து பாருங்கள். ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, தட்டைச் சுழலவிட்டு, ஊசியை வையுங்கள். மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் காதை ஊசிக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பாட்டு கேட்கும். பக்கத்து அறையில் யாரோ முணுமுணுப்பது போல மெலிதாக இருக்கும், ஆனாலும் இன்ன பாட்டு என்று கண்டுபிடித்துவிடலாம். மின்சாரத்துக்கு இங்கே தட்டைச் சுற்றுவதைத் தவிர வேறு வேலை இல்லை. பிளாஸ்டிக் பள்ளத்தில் ஒரு வைரத் துணுக்கு உரசி அதிர்கிறது, அந்த அதிர்வு காற்றை அசைக்கிறது, அவ்வளவுதான்.

இசைத்தட்டின் மேல் எனக்குள்ள பிரியம் முழுக்க இதிலிருந்து வந்ததுதான். டிஜிட்டலைவிட அது துல்லியமானது என்று நான் சொல்லமாட்டேன். துல்லியத்தில் அது தோற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் ஒலியின் உருவமே அந்தப் பள்ளத்தில் செதுக்கப்பட்டுக் கிடக்கிறது, அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். சத்தமான இடங்கள் சற்றே சொரசொரப்பாக மின்னும், அமைதியான இடங்கள் வழவழவென்று கறுப்பாக இருக்கும்.

1877இல் எடிசன் தகரத்தாள் சுற்றிய உருளையில் ஒலியைப் பதித்தபோது ஊசி மேலும் கீழுமாக அசைந்தது. பத்தாண்டுகள் கழித்து எமில் பெர்லினர் தட்டையான வட்டுக்கு மாறினார், ஊசியையும் பக்கவாட்டில் அசையவிட்டார். அரக்கு கலந்து செய்த 78 சுற்றுத் தட்டுகள் பல பத்தாண்டுகள் ஆண்டன. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் கிடைக்கும். 1948இல் கொலம்பியா நிறுவனம் வினைல் பிளாஸ்டிக்கில், நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் எல்பியைக் கொண்டுவந்தது. பள்ளம் மெலிந்தது, வேகம் குறைந்தது, ஒரு பக்கம் இருபது நிமிடத்தைத் தாண்டியது.

கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். ஒரு பக்கம் 22 நிமிடம் ஓடினால் தட்டு சுமார் 733 முறை சுற்றுகிறது. ஆனால் அதிலிருப்பது 733 வட்டங்கள் அல்ல, வெளியோரத்தில் தொடங்கி உள்ளே சுருண்டு போகும் ஒரே ஒரு பள்ளம். அதை நீட்டி வைத்தால் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் வரும். அகலமோ தலைமுடியின் பருமனைத் தாண்டாது. அதற்குள் ஓடும் ஊசியின் மேல் விழும் பாரம் இரண்டு கிராம் அளவுதான், ஆனால் முனை பள்ளத்தைத் தொடும் இடம் அவ்வளவு சிறியது என்பதால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு டன் கணக்கில் போய்விடுகிறது. ஒரு தூசி நடுவில் வந்தால் ‘டப்’ என்று கேட்பதில் ஆச்சரியமே இல்லை.

சரி, ஒரே பள்ளத்தில் இடது, வலது என்று இரண்டு ஒலிகள் எப்படி இருக்கின்றன? இந்தத் தொழில்நுட்பத்தில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். பள்ளம் ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் வெட்டப்படுகிறது. இரண்டு சுவர்களும் 45 பாகை சாய்வில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கின்றன. உட்சுவரில் இடது ஒலி, வெளிச்சுவரில் வலது ஒலி. செங்குத்தான இரண்டு திசைகளில் நடக்கும் அசைவுகள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது என்பதால் ஒரே ஊசி இரண்டையும் தனித்தனியாக வாங்கிக்கொள்கிறது. இரண்டு பக்கமும் ஒரே ஒலியாக இருந்தால் ஊசி பக்கவாட்டில் மட்டும் அசையும், வேறுபாடு இருந்தால் மேலும் கீழுமாகவும் ஏறி இறங்கும். அதாவது பெர்லினரின் அசைவும் எடிசனின் அசைவும் ஒரே பள்ளத்தில் சேர்ந்துவிட்டன! ஆலன் புளூம்லைன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1931இலேயே இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஸ்டீரியோ தட்டுகள் கடைகளுக்கு வந்தது 1958 வாக்கில். புளூம்லைன் அதைப் பார்க்கவில்லை. 1942இல், ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து இறந்துபோனார். அவருக்கு அப்போது 38 வயது.

ஊசியின் அசைவு மின்சாரமாவது பள்ளிப் பாடத்தில் படித்த சங்கதிதான். ஊசி ஒரு மெல்லிய தண்டின் நுனியில் இருக்கிறது, மறுநுனியில் குட்டிக் காந்தம், சுற்றிலும் கம்பிச்சுருள். காந்தம் ஆடினால் சுருளில் சில மில்லிவோல்ட் மின்னழுத்தம் பிறக்கும். அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறோம்.

ஆனால் அப்படியே பெருக்கினால் மட்டும் போதாது. தாழ்ந்த ஒலிகளுக்குப் பள்ளம் மிக அகலமாக வளைய வேண்டியிருக்கும். அப்படியே விட்டால் பக்கத்துச் சுற்றின் மேல் இடிக்கும், தட்டில் பாதி நேரம்கூட அடங்காது. அதனால் வெட்டும்போதே அடித்தொனியைக் குறைத்து உச்சத்தொனியை ஏற்றிவிடுகிறார்கள். 1954இல் அமெரிக்க இசைப்பதிவுச் சங்கம் இதற்கு ஒரு பொது அளவு வகுத்தது. அதன்படி 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸ் ஒலி பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, 20,000 ஹெர்ட்ஸ் ஒலி பத்து மடங்கு பெருகுகிறது. கேட்கும்போது ‘ஃபோனோ’ என்ற சுற்று இதை அப்படியே தலைகீழாக்குகிறது. உச்சத்தொனியை இறக்கும்போது தட்டின் இரைச்சலும் சேர்ந்து இறங்குவது கூடுதல் லாபம். டர்ன்டேபிளை நேராக ஆம்ப்ளிஃபையரின் சாதாரண துளையில் செருகினால் கொசு ரீங்கரிப்பது போல ஒல்லியாகக் கேட்பதும் இதனால்தான். ஊசி கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

அப்புறம், தட்டுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. சுழலும் வேகம் மாறாது, ஆனால் சுற்று சிறுத்துக்கொண்டே போகிறது. வெளியோரத்தில் வினாடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் ஊசியைக் கடந்தால், கடைசிப் பாட்டில் 21 சென்டிமீட்டர்தான் கடக்கிறது. அதே ஒலியை அதில் பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கிச் செதுக்க வேண்டும். 15,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை அங்கே வெறும் 14 மைக்ரான். உருண்டை முனை ஊசியின் ஆரமே அதைவிடப் பெரிது. அந்த நெளிவுக்குள் முனை இறங்க முடியாததால் ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஒலிகள் பிசிறடிக்கும். ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் மென்மையான பாட்டை வைக்க நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிஜிட்டலுக்கு வருவோம். 1982இல் விற்பனைக்கு வந்த சிடி, ஒலியின் உயரத்தை வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக எழுதுகிறது. ‘அளவுகளுக்கு நடுவில் இருப்பது தொலைந்துவிடுகிறது, அலை படிக்கட்டாகிவிடுகிறது, இசைத்தட்டுதான் முழு அலை’ என்று வினைல் பிரியர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது தவறு. அளக்கும் எண்ணிக்கையில் பாதிக்குக் கீழ், அதாவது 22,050 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள ஒலிகள் மட்டும் இருந்தால், அந்தப் புள்ளிகள் வழியே போகக்கூடிய அலை ஒன்றே ஒன்றுதான் என்பது நைக்விஸ்ட், ஷானன் பெயர்களால் வழங்கும் கணிதத் தேற்றம். கருவி அந்த அலையைத்தான் வழுவழுப்பாகத் திரும்ப வரைகிறது. மனிதக் காதின் எல்லையோ 20,000 ஹெர்ட்ஸ். மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி சிடியில் சுமார் 96 டெசிபல், நல்ல எல்பியில் 70 வந்தால் பெரிய விஷயம்.

அப்படியென்றால் எல்லோரும் சொல்லும் அந்த இதமான ஒலி பிரமையா? இல்லை, அது நிஜமாகவே கேட்கிறது. ஊசி தன் பங்குக்குக் கொஞ்சம் மேற்சுரங்களைச் சேர்க்கிறது, இடது ஒலி வலதில் சற்றே கசிகிறது, உச்சியின் கூர்மை மழுங்குகிறது. இவை எல்லாம் பிழைகள்தான், ஆனால் காதுக்கு இனிய பிழைகள். இன்னொரு காரணம் இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். 1990களிலிருந்து பல சிடிகளில் பாட்டு முழுவதையும் ஒரே உச்சத்தில் நசுக்கி ஏற்றும் வழக்கம் வந்தது. அப்படி இடைவிடாமல் உரக்க ஒலிப்பதைத் தட்டில் வெட்டினால் பள்ளம் இடம் கொள்ளாது, ஊசியும் தடுமாறும். அதனால் பல எல்பிகளுக்குத் தனியாக, நிதானமாக இறுதி ஒலிச்சீரமைப்பு (மாஸ்டரிங்) செய்தார்கள். கேட்பவர் வினைலைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு அந்தச் சீரமைப்பைப் பாராட்டுகிறார். முழுக்க அனலாக் (எண்ணாக மாற்றாமல் அலையாகவே பதிந்தது) என்று நம்பி வாங்கிய தட்டுகள் பலவற்றின் தயாரிப்பில் ஒரு டிஜிட்டல் படியும் இருந்தது 2022இல் தெரியவந்தது. அதுவரை தேர்ந்த காதுகள்கூட அதைக் கண்டுபிடிக்கவில்லை.

அதே 2022இல் அமெரிக்காவில் எல்பிகள் விற்பனை எண்ணிக்கையில் சிடியை முந்தின, 1987க்குப் பிறகு முதல் முறையாக. கையில் இருக்கும் கைபேசியில் கோடிக்கணக்கான பாட்டுகள் கிடைக்கும் காலத்தில் இது நடந்தது.

நான் கேட்கும் நாட்களில் ஒரு பக்கத்தை முழுதாகக் கேட்கிறேன். பாட்டு முடிந்ததும் பள்ளம் சட்டென்று அகல அகலமாகச் சுருண்டு உள்ளே ஓடி, தன்னைத்தானே கவ்விக்கொள்ளும் ஒரு வட்டத்தில் முடிகிறது. தானாக நிற்காத டர்ன்டேபிளில் ஊசி அங்கேயே, 1.8 வினாடிக்கு ஒரு முறை, சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும். நாம் எழுந்து போய் ஊசி பொருத்திய கையைத் தூக்கிவிடும் வரை.