கார்பன் டை ஆக்சைடு கம்ப்ரெஸருக்கு கூலர்தான் முதல் எதிரி

கேஸ் டர்பைன் எதை எடுத்தாலும் ஒரு வயித்தெரிச்சல் கணக்கு இருக்கும். டர்பைன் சுத்தி எடுக்கற பவர்ல பாதிக்கு கிட்ட, காத்தை அமுக்கறதுக்குன்னு கம்ப்ரெஸரே முழுங்கிடும், மிச்சம்தான் ஜெனரேட்டருக்கு. அமுக்க ஆகற வேலை அந்தப் பொருள் எவ்வளவு இடத்தை அடைச்சுக்குதுங்கறதைப் பொறுத்தது, அடர்த்தியா இருந்தா அதே பிரஷர் ஏத்த கம்மி வேலை போதும், தண்ணி பம்ப்புக்கு கரண்ட் கம்மியா செலவாகறது அதனாலதான். அப்போ கம்ப்ரெஸருக்குள்ள வரும்போது திரவம் மாதிரி கெட்டியாவும், டர்பைனுக்குள்ள போகும்போது கேஸ் மாதிரி விரிஞ்சும் இருக்கற ஒரு பொருள் கிடைச்சா ஜாக்பாட்.

கார்பன் டை ஆக்சைடு கிட்டத்தட்ட அந்த ஜாதிதான். அதோட கிரிட்டிக்கல் பாயிண்ட் 31 டிகிரி செல்சியஸ் சூடு, 73.8 பார் பிரஷர் (நம்மைச் சுத்தி இருக்கற காத்தோட பிரஷர் சுமார் 1 பார்). ரெண்டையும் தாண்டிட்டா திரவம், வாயுன்னு பிரிக்கற கோடே கிடையாது, அதைத்தான் சூப்பர்கிரிட்டிக்கல்னு சொல்றோம். 1869ல தாமஸ் ஆண்ட்ரூஸ் இந்த விஷயத்தையே கார்பன் டை ஆக்சைடை வச்சுத்தான் காட்டினார். 31 டிகிரிங்கறது சாதாரண கூலிங் தண்ணியால கிட்டத்தட்ட எட்டிடக்கூடிய சூடுங்கறதால 1960கள் கடைசியில ஃபெஹர், ஆஞ்செலினோன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் தனித்தனியா இதை வச்சு பவர் சைக்கிள், அதாவது அமுக்கி, சூடாக்கி, டர்பைன்ல விரிய விட்டு, கூலர்ல ஆற வச்சு மறுபடி கம்ப்ரெஸருக்கே அனுப்பற சுத்து, போடலாம்னு கணக்கோட எழுதினாங்க. கம்ப்ரெஸர் இன்லெட்டை, அதாவது கேஸ் உள்ள நுழையற நிலையை, கிரிட்டிக்கல் பாயிண்ட்டுக்கு எவ்வளவு பக்கத்துல வைக்கறோமோ அவ்வளவு லாபம். பிரச்சினையும் அதே இடத்துலதான் உக்காந்திருக்கு.

80 பார் பிரஷர்ல 30 டிகிரில இதோட அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு சுமார் 700 கிலோ. 35 டிகிரிக்கு வந்தா சுமார் 420. 40 டிகிரிக்கு வந்தா 280 கூட தேறாது. காத்துல அதே பத்து டிகிரி ஏறினா அடர்த்தி 3 சதவீதம்தான் குறையும், இங்க பாதிக்கு மேல காணாமப் போகுது!

சென்ட்ரிஃபியூகல் கம்ப்ரெஸருக்கு இது என்ன பண்ணும்னு பாருங்க. இம்பெல்லர்ங்கற சுத்தற பிளேடு சக்கரம் ஒரு கிலோவுக்கு எவ்வளவு எனர்ஜி குடுக்குதுங்கறதை பெரும்பாலும் அதோட விளிம்பு வேகம்தான் முடிவு பண்ணுது, அந்த எனர்ஜியை அடர்த்தியால பெருக்கினா வர்றதுதான் தோராயமா பிரஷர் ஏத்தம். அதே வேகத்துல ஓடிட்டு இருக்கும்போது இன்லெட் 35ல இருந்து 40க்கு நழுவினா பிரஷர் ஏத்தம் படக்குன்னு விழும், அதே நேரத்துல அதே கிலோ கணக்கு ஃப்ளோவுக்கு கன அளவு ஒன்றரை மடங்காகும், பிளேடுக்கு வந்து சேர்ற கோணமே மாறிடும், சோக் பக்கம், அதாவது இதுக்கு மேல ஃப்ளோ போக முடியாத நிலை பக்கம், போயிடும். கூலர் ஓவரா குளிர வச்சா உல்டா, கன அளவு சுருங்கி சர்ஜ் பக்கம் தள்ளும். சர்ஜுன்னா கம்ப்ரெஸரால எதிர்ல இருக்கற பிரஷரைத் தாங்க முடியாம ஃப்ளோ திரும்பி பின்னாடி பாயறது, இவ்வளவு கெட்டியான பொருள் முன்னும் பின்னும் ஆடினா பேரிங்கும் சீலும் படற பாடு சொல்லி மாளாது. ரீகம்ப்ரெஷன் சைக்கிள்ல (ஃப்ளோவுல ஒரு பங்கை கூலருக்கு அனுப்பாம தனி கம்ப்ரெஸர்லயும், மிச்சத்தை கூலருக்கு அப்புறம் மெயின் கம்ப்ரெஸர்லயும் அமுக்கற வகை) இன்னொரு வில்லங்கம், ரெண்டு கம்ப்ரெஸர் ஒரே லைனுக்கு பக்கத்துப் பக்கத்துல தள்ளும். மெயின் கம்ப்ரெஸரோட இன்லெட் சூடாகி அது சோர்ந்து போச்சுன்னா, இன்னொன்னு பிடிச்சு வச்சிருக்கற பிரஷருக்கு எதிரா தள்ள முடியாம அதுவும் சர்ஜுக்குப் போகலாம். ஆக சூடானாலும் வம்பு, குளிர்ந்தாலும் வம்பு.

இப்போ பிளேடு நுனிக்குப் போவோம். இம்பெல்லர் உள்ள நுழையற இடத்துல ஃப்ளோ பிளேடு மூக்கைச் சுத்தி வளைஞ்சு வேகம் எடுக்கும், வேகம் எடுத்தா அந்த இடத்துல மட்டும் பிரஷர் இறங்கும், ஏற்கனவே 77 பார்ல நிக்கற பொருள் அந்தக் கொஞ்ச தூரத்துல 73.8க்குக் கீழ போயிடும். நுழையற நிலையைப் பொறுத்து அங்க குமிழியும் வரலாம், துளியும் வரலாம். ஆனா அந்தப் பகுதியைக் கடக்க ஃப்ளோவுக்கு ஆகறது மைக்ரோசெகண்ட் கணக்கு, துளி உருவாகி வளர அவ்வளவு நேரம் பத்தாம பல சமயம் அது மாறாமலே கடந்து போயிடும். அப்படியே மாறினாலும் கிரிட்டிக்கல் பாயிண்ட் பக்கத்துல திரவத்துக்கும் ஆவிக்கும் அடர்த்தி வித்தியாசம் ரொம்ப இல்லாததால தண்ணி பம்ப்புல வர்ற கேவிட்டேஷன் மாதிரி பிளேடைக் கடிச்சுத் துப்பாது. எனக்கு இதை விட கவலை சவுண்ட் வேகம்தான், இந்த ஏரியால அது நல்லா இறங்கிடும், ரெண்டு நிலையும் கலந்துட்டா இன்னும் விழும், ஃப்ளோ அந்த வேகத்தைத் தொட்டா அதுக்கு மேல போகாதுங்கறதால நினைச்சதை விட சீக்கிரமாவே பிளேடு இடுக்குல சோக் ஆகி ஃப்ளோ அடைச்சுக்கும்.

அமெரிக்காவுல சாண்டியா லேப் செஞ்ச டெஸ்ட் லூப்ல கம்ப்ரெஸர் இம்பெல்லர் விட்டம் 37 மில்லிமீட்டர்தான், டிசைன் வேகம் நிமிஷத்துக்கு 75,000 சுத்து. இவ்வளவு சின்னதுல இம்பெல்லருக்கும் மூடிக்கும் நடுவுல இருக்கற சந்து, பிளேடு உயரத்தோட ஒப்பிட்டா பெருசாத் தெரியும், அது வழியா லீக் ஆகறதே எஃபிஷியன்ஸில ஒரு நல்ல பங்கைத் தின்னும். ரோட்டரைச் சுத்தி கெட்டியான கேஸ் நின்னா உராய்வு வேற.

இதுல எல்லாரும் லேசா கடந்து போற விஷயம் அளக்கறது. கிரிட்டிக்கல் பாயிண்ட்டுக்கிட்ட ஸ்பெசிஃபிக் ஹீட் எகிறி நிக்கும், சூட்டை ஏத்திக்கிட்டே இருந்தாலும் டெம்பரேச்சர் பெருசா அசையாது, அடர்த்தி மட்டும் கரைஞ்சுக்கிட்டே போகும். தெர்மாமீட்டர் அரை டிகிரி தப்பு காட்டினாலே போதும், கம்ப்ரெஸர் மேப்ல (எந்த ஃப்ளோவுக்கு எவ்வளவு பிரஷர் ஏறும்னு காட்டற படம்) நாம எங்க நிக்கறோம்னே தெரியாது, எஃபிஷியன்ஸி நம்பரும் நம்பற மாதிரி இருக்காது. அதனால கோரியோலிஸ் மீட்டர் (அதிர்ற குழாய் வழியா ஃப்ளோவை விட்டு அளக்கற கருவி) வச்சு அடர்த்தியை நேரா அளக்கறாங்க. கணக்குக்கும் ஐடியல் கேஸ் ஃபார்முலா உதவாது, 1996ல வந்த கார்பன் டை ஆக்சைடுக்கான ஸ்பான், வாக்னர் சமன்பாடுதான் இன்னும் அடிப்படை.

சமாளிக்கறதுக்கு பைபாஸ் வால்வைத் திறந்து ஃப்ளோவைச் சுத்தி விடறது, இன்லெட்ல திருப்பக்கூடிய வேன் (ஃப்ளோவோட திசையை மாத்தற தகடு) வைக்கறது, இம்பெல்லர்ல இருந்து வர்ற வேகத்தை பிரஷரா மாத்தற டிஃப்யூசரை வேன் இல்லாம விட்டு ரேஞ்சை அகலமாக்கறதுன்னு வழிகள் இருக்கு. ஆனா என்னைக் கேட்டா முதல்ல தொட வேண்டியது கூலர் கண்ட்ரோலும் இன்லெட் பிரஷரும்தான். 100 பார்ல வச்சா 35 டிகிரில சுமார் 713 கிலோ, 40ல சுமார் 628, அதாவது 12 சதவீதம்தான் இறக்கம், 80 பார்ல அதே அஞ்சு டிகிரிக்கு மூணுல ஒரு பங்கு போச்சு. கம்ப்ரெஸர் நிம்மதியா ஓடும், ஆனா டர்பைனும் அதே 100 பாருக்குத்தான் வெளிய விடணும், மேல் பக்கம் பிரஷரை பைப்பும் வெல்டும் தாங்கற அளவுக்கு மேல ஏத்த முடியாதுங்கறதால விரியற இடம் சுருங்கி டர்பைன் பவர் குறையும். அந்த இழப்பை ஒத்துக்கறதா, இல்ல கூலரை கால் டிகிரிக்குள்ள கட்டி மேய்க்கறதாங்கற பேரம்தான் ஒவ்வொரு டிசைன்லயும் நடக்குது.