சனிக்கிழமை வராத வயிற்றுவலி

பதினோரு வயதுப் பையன். தடித்த கோப்பு ஒன்றை அணைத்துக்கொண்டு அவன் அம்மா உள்ளே வந்தார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மூன்று மருத்துவர்களின் சீட்டுகள். எல்லாவற்றிலும் ஒரே முடிவு: ஒன்றுமில்லை. "நடிக்கிறானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது டாக்டர்" என்று அவர் சொன்னபோது, பையன் தலையைக் குனிந்தபடி சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

குழந்தைகளுக்கான மனநல மருத்துவராக நான் அடிக்கடி பார்க்கும் கோப்புதான் அது. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஏன் வலிக்கிறது என்று அவனிடம் கேட்கவில்லை. வலி எந்த நாளில் வராது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "சனிக்கிழமை வராது. லீவு நாளில் வராது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மறுபடியும் ஆரம்பித்துவிடும்."

அம்மா சட்டென்று என்னைப் பார்த்தார். அப்படியானால் நடிப்புதானே என்று அந்தப் பார்வை கேட்டது. இல்லை. பள்ளி நாளில் மட்டும் வருவதால் அது பொய் வலி ஆகிவிடாது. மூளைக்கும் குடலுக்கும் இடையில் நரம்புகள் வழியே ஓயாமல் செய்தி போய்வருகிறது. பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், குடலின் அசைவு மாறும், வயிறு பிசையும். ஸ்கேனில் நோய் தெரியாது. ஆனால் வலி இருக்கும். "நோய் இல்லை" என்று மருத்துவர் சொன்னது வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் "வலியே இல்லை" என்று ஆகிவிடுகிறது. அதன் பிறகு அந்தக் குழந்தை தன் வலியை யாரிடம் சொல்லும்?

மூன்றாவது முறை வந்தபோது, படம் வரைந்துகொண்டே, காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசித்தபோது ஒரு சொல்லில் தடுக்கிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தச் சொல்லே அவனுக்குப் பட்டப்பெயர். நமக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அவனோ ஏழு மாதங்களாக ஒவ்வொரு காலையும் அதற்குள்தான் போய்க்கொண்டிருந்தான்.

பள்ளிக்குப் போக மறுக்கும் குழந்தையை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் அன்றைக்கு வலி அடங்கிவிடும். சிக்கலே அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. தப்பித்தால்தான் பிழைத்தோம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. மறுநாள் வாசலைத் தாண்டுவது இன்னும் கடினமாகிறது. அதற்காகத் தரதரவென்று இழுத்துப்போய் விடுவதும் தீர்வில்லை. இவன் விஷயத்தில் வகுப்பாசிரியருடன் பேசி, முதல் வாரம் இரண்டு பாடவேளை மட்டும் என்று தொடங்கினோம். அவனாக முன்வரும்வரை சத்தமாக வாசிக்கச் சொல்ல மாட்டேன் என்று ஆசிரியர் உறுதி கொடுத்தார். பட்டப்பெயரை நிறுத்தும் பொறுப்பையும் அவரே ஏற்றார். கேலியைத் தைரியமாகத் தாங்கிக்கொள் என்று குழந்தையிடம் சொல்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அதை நிறுத்த வேண்டியது பெரியவர்களின் வேலை. வாசிப்பில் ஏன் தடுக்கியது என்றும் பார்த்தோம். எழுத்துகளை அடையாளம் கண்டு கூட்டி வாசிப்பதில் அவனுக்குக் கற்றல் குறைபாடு இருந்தது. அதுவரை எல்லோரும் அதைக் கவனக்குறைவு என்றே நினைத்திருந்தார்கள்.

பதின்ம வயதில் இதே துயரம் வேறு முகத்தோடு வரும். மனச்சோர்வு என்றாலே அழுகையும் சோகமுமாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். அந்த வயதில் அது பெரும்பாலும் எரிச்சலாக, எடுத்தெறிந்து பேசுவதாக, அறைக்கதவைச் சாத்திக்கொள்வதாக வெளிப்படும். 10 முதல் 19 வயதுக்குள் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதாவதொரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. ஒரு நாள் கோபத்துக்குப் பதற வேண்டாம். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேல் எரிச்சல் நீடித்து, பிடித்த விளையாட்டும் நண்பர்களும் கசந்துபோய், தூக்கமும் பசியும் மாறினால் காத்திருக்கக் கூடாது. இரவில் நேரங்கழித்துத் தூங்குவதை மட்டும் வைத்துச் சோம்பேறி என்று திட்டவும் வேண்டாம். பருவ வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பதே தாமதமாகிறது. அவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை.

பெற்றோர் கேட்கவே அஞ்சும் கேள்வி ஒன்று உண்டு: "செத்துவிடலாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள். அப்படி விதைப்பதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. என் அறையில் இந்தக் கேள்வியைக் கேட்டபோது, அப்பாடா, யாரோ கேட்டுவிட்டார்கள் என்பதுபோல் தோள் தளர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். "ஆமாம்" என்று பதில் வந்தால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள், தனியாக விடாதீர்கள், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் எட்டாதபடி பூட்டி வையுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தேறினார்கள். அவர்களுக்குத் துணைநின்றவற்றில் முக்கியமானது, நம்பிப் பேச ஒரு பெரியவராவது இருந்தது. அவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தாத்தா பாட்டியாக, ஆசிரியராக, பக்கத்து வீட்டுக்காரராகக்கூட இருந்தார்கள். மனம் தளர்ந்துபோகும் நாட்களில் நான் இந்த ஆய்வைத்தான் நினைத்துக்கொள்வேன்.

எதிரே உட்கார வைத்து விசாரித்தால் பிள்ளைகள் பேசுவதில்லை. சேர்ந்து நடக்கும்போது, துணி மடிக்கும்போது, விளக்கணைத்த பிறகு, முகம் பார்க்க வேண்டியிராத நேரங்களில்தான் வாய் திறக்கிறார்கள். அப்போது முதல் ஐந்து நிமிடத்துக்கு அறிவுரை வேண்டாம். "இதற்கெல்லாமா அழுவது" என்ற ஒரு வரி போதும், அடுத்த ஆறு மாதத்துக்கு அவர்கள் வாயை மூடிவிட.

கடைசியாக அந்த அம்மா கோப்பு இல்லாமல் வந்தார். முந்தைய ஞாயிறு இரவு வயிறு லேசாக வலிக்கிறது என்று பையன் சொன்னானாம். ஒன்றுமில்லை, தூங்கு என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, பக்கத்தில் படுத்து, "நாளைக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார்.

"கணக்குத் தேர்வு" என்றானாம். பிறகு தூங்கிவிட்டானாம்.