தனியுரிமை கேட்கச் சராசரிப் பயனருக்குத் தகுதி உண்டா?

தனிநபர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் இணையப் பாதுகாப்புப் பயிற்சியும் ஆலோசனையும் வழங்குவது என் தொழில். கணக்கைப் பறிகொடுத்தவர், படங்கள் கசிந்துவிட்டன என்று பதறுபவர், யாரோ தம்மைப் பின்தொடர்வதாக உணர்பவர் எனப் பலரும் வருவார்கள். தொழிலுக்கு வந்த புதிதில், அவர்கள் சொல்லி முடிக்கும் முன்பே என் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்துவிடும்: "அமைப்புகள் (செட்டிங்ஸ்) பக்கத்தில் என்னென்ன திறந்திருக்கிறது என்று பார்த்தீர்களா?" மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பதைப் போன்ற சாதாரணக் கேள்வி அது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். அதற்குள் ஒரு தீர்ப்பும் ஒளிந்திருந்தது என்பது பின்னால்தான் உறைத்தது.

கணவரைப் பிரிந்து தனியே வசிக்கத் தொடங்கியிருந்த ஒரு பெண், தாம் எங்கே போனாலும் அது அந்த மனிதருக்குத் தெரிந்துவிடுகிறது என்று வந்தார். கைப்பேசியில் உளவுச் செயலி எதுவும் இல்லை. இரண்டு மணி நேரம் தேடிய பிறகு காரணம் அகப்பட்டது: பழைய வீட்டில் விட்டுவந்த டேப்லெட் ஒன்றில் அவருடைய கணக்கு இன்னமும் திறந்தே இருந்தது, அவர் எடுக்கும் ஒவ்வொரு படமும், எடுத்த இடத்தின் விவரத்தோடு, அங்கேயும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "நான் எதையும் திறந்து வைக்கவில்லையே, வாங்கும்போதே அப்படித்தானே இருந்தது?" என்றார். அதற்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

எங்கள் துறையில் ஒரு மனப்பாங்கு உண்டு. வெளியே யாரும் அதை அப்பட்டமாகச் சொல்வதில்லை. ஆனால் தேநீர் இடைவேளையில் காதில் விழும். உலகமே பயன்படுத்தும் பெரிய தளத்தில் கணக்கு வைத்துக்கொண்டு, ஒப்பந்தத்தைப் படிக்காமல் "ஏற்கிறேன்" என்று தட்டிவிட்டு, பிறகு தனியுரிமை போயிற்றே என்று புலம்ப ஒருவருக்கு என்ன தகுதி இருக்கிறது என்பதே அது. வேண்டுமென்றால் செய்திகளை மறையாக்கி அனுப்பும் சிக்னல் செயலிக்குப் போகட்டும், கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளட்டும், யார் என்று காட்டாமல் இணையத்தில் உலவ உதவும் டோர் வழியாக உலவட்டும் என்பார்கள். பெரிய நிறுவனங்களை நடத்தியவர்கள் இதையே இன்னும் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். சன் மைக்ரோசிஸ்டம்ஸின் தலைவராக இருந்த ஸ்காட் மெக்னீலி, உங்களுக்குத் தனியுரிமை என்று எதுவும் கிடையாது, அதை ஏற்றுக்கொண்டு மேலே போங்கள் என்ற பொருளில் 1999இலேயே சொன்னார். அடுத்தவருக்குத் தெரியக் கூடாத காரியம் என்றால் அதை முதலில் செய்யாமலே இருக்கலாமே என்ற தொனியில் 2009இல் பேசியவர், அப்போது கூகுளின் தலைமைச் செயல் அலுவலராக இருந்த எரிக் ஷ்மிட். குளியலறைக் கதவைத் தாழிடுபவர் எல்லாரும் உள்ளே குற்றம் செய்கிறார்கள் என்று யாரும் கருதுவதில்லை என்பதை இவர்களுக்கு எடுத்துச் சொல்லத்தான் வேண்டுமா?

இந்த வாதம் முழுவதும் ஒரே தூணின் மேல் நிற்கிறது: பயனர் தெரிந்தே தேர்ந்தெடுத்தார் என்பதே அந்தத் தூண். அதை முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் அலீசியா மெக்டொனால்டும் லோரி கிரேனரும் 2008இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒருவர் ஓராண்டில் தாம் பார்க்கும் ஒவ்வொரு தளத்தின் தனியுரிமைக் கொள்கையையும் படிப்பதென்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மணி நேரம் அதற்கே போய்விடும். ஒவ்வொரு கைப்பேசியிலும் பத்துக்கணக்கான செயலிகள் குடியேறுவதற்கு முந்தைய கணக்கு அது. படித்தாலும் மறுப்பதற்கு இடம் இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. அலுவலக அறிவிப்பு ஒரு செயலியில் வருகிறது, பிள்ளையின் பள்ளித் தகவல் இன்னொன்றில் வருகிறது, வேலைக்கான விண்ணப்பம் ஏதோ ஒரு மின்னஞ்சல் கணக்கைக் கேட்கிறது. உறவினரும் நண்பரும் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் ஒருவர் போய் இருக்க முடியும். ஊரே ஒரு பாதையில் நடக்கும்போது நீ ஏன் இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தாய் என்று ஒருவரை மட்டும் நிறுத்திக் கேட்பதில் நியாயம் இல்லை.

அமைப்புகள் பக்கத்தைத் தேடிப் போய், கவனமாக அணைத்துவிட்டு வந்தவரின் கதி என்ன? கூகுள் கணக்கில் இருப்பிட வரலாறு என்ற வசதியை அணைத்த பிறகும், வேறொரு பெயரில் இருந்த இணையம் மற்றும் செயலிச் செயல்பாடு என்ற அமைப்பின் வழியாக இருப்பிட விவரங்கள் சேமிக்கப்பட்டதை 2018இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. அதைத் தொடர்ந்து நடந்த விசாரணையை முடித்துக்கொள்ள, அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் செலுத்த 2022 நவம்பரில் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. உலாவியின் மறைநிலை (இன்காக்னிட்டோ) உலாவலின் கதையும் ஏறக்குறைய இதேதான். அதில் உலவினால் பார்க்கும் தளங்களுக்கும் தாம் யாரென்று தெரியாது என்றே என் பயிற்சிக்கு வருபவர்களில் பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் அந்தக் கருவியில் வரலாறு தங்காமல் பார்த்துக்கொள்வதோடு சரி. இது குறித்துத் தொடுக்கப்பட்ட வழக்கிலும், கோடிக்கணக்கான உலாவல் பதிவுகளை அழிக்க 2024இல் கூகுள் உடன்பட்டது. ஆக, "அமைப்புகள் பக்கத்தைப் பார்த்தீர்களா?" என்ற என் கேள்விக்கு "பார்த்தேன், அணைத்தேன்" என்று பதில் சொல்லியிருக்கக்கூடியவர்களுக்கும் அந்தக் காலத்தில் பாதுகாப்பு இருக்கவில்லை.

என்னை இவை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பாதித்தது தொலைபேசி எண் விவகாரம். கடவுச்சொல் மட்டும் போதாது, இரண்டாவதாக ஒரு குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள், அதற்காகத் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள் என்று பல ஆண்டுகளாக ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிவந்தேன். தயங்கியவர்களையும் வற்புறுத்திக் கொடுக்க வைத்தேன். கணக்கின் பாதுகாப்புக்கு என்று சொல்லி 2013 முதல் 2019 வரை 14 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களிடம் பெற்ற தொலைபேசி எண்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் டிவிட்டர் நிறுவனம் விளம்பரங்களைக் குறிவைக்கவும் பயன்படுத்தியது. அதற்காக 2022 மே மாதம் அமெரிக்க அரசு அதற்கு 15 கோடி டாலர் அபராதம் விதித்தது. அந்த எண்ணைக் கொடுத்தவர்கள் சோம்பேறிகள் அல்லர், அறியாமையில் இருந்தவர்களும் அல்லர். எங்களைப் போன்றவர்கள் சொன்னதைக் கேட்டு, சரியானதைச் செய்தவர்கள். இவர்களுக்கும் தகுதி இல்லை என்றால், பிறகு யாருக்குத்தான் இருக்கிறது?

தனியுரிமையை ஒருவரின் சொந்தப் பொருளாக, அவரே விற்கவும் தொலைக்கவும் கூடியதாகப் பார்ப்பதில் இன்னொரு பிழையும் இருக்கிறது. என் தொடர்புப் பட்டியலை ஒரு செயலிக்குத் திறந்துவிட்டால் அதில் போவது என் எண் மட்டுமா? என்னை நம்பி எண்ணைத் தந்த நூற்றுக்கணக்கானவர்களின் எண்களும் சேர்ந்து போகின்றன. ஃபேஸ்புக் பயனர்களின் தரவை அரசியல் பிரசாரத்துக்குப் பயன்படுத்திய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா நிறுவனத்தின் விவகாரத்தில், அந்தத் தரவைத் திரட்டிய ஆளுமைத் தேர்வுச் செயலியைத் தாமே நிறுவியவர்கள் சுமார் 2,70,000 பேர். அவர்களின் நண்பர்களையும் சேர்த்து 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று 2018இல் ஃபேஸ்புக்கே அறிவித்தது. வகுத்துப் பார்த்தால் ஒருவர் தட்டிய "ஏற்கிறேன்" பொத்தானுக்கு முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். அந்த முந்நூறு பேரில் ஒருவரிடம் போய், ஒப்பந்தத்தை நீங்கள் ஏன் படிக்கவில்லை என்று கேட்டால் அவர் எந்த ஒப்பந்தம் என்றுதான் கேட்பார். எனக்குத் தெரிந்த ஒரு மனநல ஆலோசகரிடம் சிகிச்சை பெறும் இருவரை, "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று ஒரு சமூகத்தளம் ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தியது. இருவரின் கைப்பேசியிலும் அந்த ஆலோசகரின் எண் இருந்ததைத் தவிர அவர்களுக்குள் வேறு தொடர்பு எதுவும் இல்லை. தளம் எப்படிக் கணித்தது என்பதை உறுதியாகக் கண்டறிய என்னால் முடியவில்லை. ஆனால் அந்த இருவரும் சிகிச்சைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

பெயரை நீக்கிவிட்டுத்தான் தரவைப் பகிர்கிறோம் என்று நிறுவனங்கள் தரும் உறுதிமொழியையும் இங்கே எடை போட்டுப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 6,50,000 பயனர்களின் தேடல் பதிவுகளை, பெயருக்குப் பதில் எண்களை இட்டு, 2006இல் அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல் ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. சில நாள்களுக்குள்ளேயே, தேடிய சொற்களை மட்டும் வைத்து அந்த எண்களில் ஒன்றுக்குரிய பெண்மணியை நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் நேரில் போய்ச் சந்தித்தார்கள். 15 லட்சம் பேரின் கைப்பேசி நடமாட்டப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, ஒருவர் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருந்தார் என்ற விவரம் நான்கே நான்கு கிடைத்தால் போதும், 95 விழுக்காட்டினரை மற்றவர்களிடமிருந்து தனியே பிரித்துவிடலாம் என்று காட்டியது. இரவில் தங்கும் இடமும் பகலில் வேலை செய்யும் இடமும் தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது, பெயர் எதற்கு? ஒரு குறிப்பிட்ட மருத்துவமனையில் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் நிற்கும் கைப்பேசி, தன் உரிமையாளரைப் பற்றி என்ன சொல்லும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

மக்களுக்கு இதில் அக்கறையே இல்லை என்பது மிச்சமிருக்கும் வாதம். அக்கறை இல்லை என்பதும், அக்கறையைக் காட்ட வழி இல்லை என்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். 2021 ஏப்ரலில் ஐபோன்களில் ஒரு மாற்றம் வந்தது. பிற செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர இந்தச் செயலியை அனுமதிக்கிறீர்களா என்று நேரடியாகக் கேட்க வேண்டும், அனுமதி வராவிட்டால் விளம்பரதாரர்கள் ஒரு கருவியை அடையாளம் காணப் பயன்படுத்தும் விளம்பர அடையாள எண்ணைத் தரக் கூடாது என்று ஆப்பிள் விதித்தது. புரியும் மொழியில், ஒரே வரியில், மறுக்கும் பொத்தானும் பக்கத்திலேயே இருக்கும்படி கேட்டபோது பெரும்பாலானோர் மறுத்தார்கள். அந்த மாற்றத்தால் 2022ஆம் ஆண்டில் மட்டும் தன் வருவாயில் சுமார் 1,000 கோடி டாலர் குறையும் என்று ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனமே தன் பங்குதாரர்களிடம் சொன்னது. ஆப்பிளும் தன் வணிகத்தை மனத்தில் வைத்தே இதைச் செய்தது என்ற விமர்சனத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆயினும், கேள்வி ஒழுங்காகக் கேட்கப்பட்டால் சராசரிப் பயனர் என்ன பதில் சொல்வார் என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனையை நான் பார்த்ததில்லை.

சட்டம் இதைப் பற்றிக் குழம்பவில்லை. எவருடைய தனிவாழ்விலும் குடும்பத்திலும் வீட்டிலும் கடிதப் போக்குவரத்திலும் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. அதில் தகுதித் தேர்வு எதுவும் இல்லை. 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. பயனர் எதையும் தொடாத நிலையிலேயே, அந்தந்த நோக்கத்துக்குத் தேவையான தரவு மட்டுமே கையாளப்பட வேண்டும் என்பது அதன் 25ஆம் பிரிவு. அமைப்புகள் பக்கத்தை ஒருமுறைகூடத் திறக்காதவருக்கும் பாதுகாப்பு கிடைக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

சிக்னலையும் லினக்ஸையும் பரிந்துரைப்பவர்கள் சொல்லும் வழி தவறானதன்று. நானும் அவற்றைப் பரிந்துரைக்கிறேன், பயன்படுத்துகிறேன். அவற்றுக்கு மாறாதவரின் உரிமை காலாவதியாகிவிட்டது என்று எண்ணுவதோடுதான் எனக்குச் சண்டை. இலவசமாகக் கிடைக்கும் சேவைக்குத் தரவுதானே விலை என்பாரும் உண்டு. காசு கொடுத்து வாங்கிய தொலைக்காட்சியும் காரும்கூடத் தரவைச் சேகரிக்கின்றன என்பதால் அந்த வாதம் எப்போதோ வலுவிழந்துவிட்டது.

சட்டமும் நிறுவனமும் தம் கடமையைச் செய்யும்வரை நம் கையில் இருப்பதையாவது செய்துகொள்ளலாம். செய்யாதவர் மீது எந்தப் பழியும் இல்லை என்ற புரிதலோடு இதைச் சொல்கிறேன். இருபடிச் சரிபார்ப்பைக் கைவிட வேண்டாம், ஆனால் தளம் இடம் கொடுத்தால் தொலைபேசி எண்ணுக்குப் பதிலாக, குறியீட்டைக் கைப்பேசியிலேயே உருவாக்கித் தரும் சரிபார்ப்புச் செயலியைப் பயன்படுத்துங்கள். செயலிகளுக்கு இருப்பிடத்தை, பயன்படுத்தும்போது மட்டும் என்ற அளவில் கொடுங்கள். தொடர்புப் பட்டியலைக் கேட்டால் மறுத்துப் பாருங்கள், பெரும்பாலான செயலிகள் அது இல்லாமலும் ஓடும். ஆண்ட்ராய்டின் அண்மைப் பதிப்புகளில் விளம்பர அடையாள எண்ணையே நீக்கிவிடலாம். கூகுள் கணக்கில் 3 மாதங்களுக்கு மேல் பழையதான செயல்பாட்டுப் பதிவுகள் தாமாக அழியும்படி அமைக்கலாம். வாட்ஸ்அப் உரையாடலுக்கு 2016 முதல், அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத முழு மறையாக்கம் உண்டு என்றாலும், மேகக் கணினியில் (கிளவுட்) சேமிக்கப்படும் அதன் காப்புப் பிரதிக்கு அந்தப் பாதுகாப்பை 2021இல் வந்த தனி அமைப்பின் வழியாகத்தான் இயக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இவற்றில் ஒன்றை மட்டும் இன்றே செய்ய நேரம் இருக்கிறது என்றால், உங்கள் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் அது இருக்கும். விற்றுவிட்ட கைப்பேசி, அலுவலகத்தில் விட்டுவந்த கணினி, எப்போதோ உறவினர் வீட்டில் பயன்படுத்திய டேப்லெட் எல்லாம் அதில் வரிசையாக நிற்கும். அடையாளம் தெரியாதவற்றையும் கைவிட்டுப் போனவற்றையும் வெளியேற்றிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிரிந்துபோன துணை போன்ற ஒருவர் உங்களைக் கண்காணிக்கிறார் என்ற ஐயம் இருந்தால், வெளியேற்றும் முன் அந்தப் பட்டியலைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு அறுந்ததும் மறுமுனையில் இருப்பவருக்கு அது தெரிந்துவிடும் என்பதால், அந்த நேரத்தில் நம்பிக்கையான ஒருவர் உங்கள் அருகில் இருக்கட்டும். அந்தப் பெண்ணின் பட்டியலில் ஏழு கருவிகள் இருந்தன. அவர் கையில் இருந்தது ஒன்றே ஒன்று.