தொண்ணூறுக்குள் நூறு எப்படி வந்தது?

எண்ணப் பழகும் பிள்ளை எண்பதைத் தாண்டியதும் கொஞ்சம் முழிக்கும். ஆறுக்கு அறுபது, ஏழுக்கு எழுபது, எட்டுக்கு எண்பது. அப்புறம்? பத்துப் பத்தாக வந்த வரிசையில் நூறு வந்து உட்கார்ந்துகொள்கிறது: தொண்ணூறு. எண்ணூறுக்குப் பிறகும் அப்படித்தான், நூறு வரவேண்டிய இடத்தில் ஆயிரம்: தொள்ளாயிரம். பிள்ளை முழிப்பது நியாயம்தான்.

ஒன்பதும் விசித்திரமான சொல். 'பது' என்பது பத்துகளுக்கு உரிய ஈறு. ஓரிலக்க எண்ணில் அதற்கு என்ன வேலை?

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் இதற்கு விதி சொல்கிறார். ஒன்பதோடு பஃது, அதாவது பத்து, சேரும்போது முன்னால் தகரம் வரும், ணகரம் இரட்டிக்கும், பஃது உருமாறித் தொண்ணூறு ஆகும். எப்படி மாறுகிறது என்பதற்கு இது விடை. ஏன் என்பதற்கு அல்ல.

ஒன்பதுக்குத் தமிழில் இன்னொரு பெயர் இருந்தது: தொண்டு. பரிபாடலின் மூன்றாம் பாட்டு எண்களை அடுக்கிக்கொண்டே போய், எட்டுக்குப் பின் 'தொண்டு' என்கிறது. அக்கம்பக்கத்து மொழிகளைக் கேட்டால் இது இன்னும் தெளிவாகும். தெலுங்கில் ஒன்பது 'தொம்மிதி', தொண்ணூறு 'தொம்பை'. கன்னடத்தில் ஒன்பது 'ஒம்பத்து', தொண்ணூறு 'தொம்பத்து'. ஆக, தகரத்தில் தொடங்கும் ஒன்பதுதான் பழையது. மலையாளத்திலோ நம்மைப் போலவே தொண்ணூறு, தொள்ளாயிரம். அப்படியானால் நூறும் ஆயிரமும் உள்ளே நுழைந்தது, தமிழும் மலையாளமும் பிரிவதற்கு முன்பே.

தேவநேயப் பாவாணர் ஒரு விளக்கம் தந்தார். தொண்டு 9, தொண்பது 90, தொண்ணூறு 900, தொள்ளாயிரம் 9000 என்று இருந்தவை, தொண்டு வழக்கொழிந்ததும் ஒவ்வொரு படி கீழே இறங்கிவிட்டன என்பது அவர் கருத்து. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நெல்லும் பொன்னும் கொடுத்து வாங்கும் ஊரில், தொள்ளாயிரம் என்ற சொல் 9000-த்திலிருந்து 900-க்கு இறங்குவதை யார் பொறுத்துக்கொண்டிருப்பார்கள்? எனக்கு அது ஒப்பவில்லை.

அடுத்த பெரிய எண்ணைப் பார்த்து, அதில் குறைவதைச் சொல்லும் வழக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 'தொள்' என்றால் துளை. தொளை, தொள்ளை எல்லாம் அந்த வழி வந்தவை. துளை விழுந்த நூறு, துளை விழுந்த ஆயிரம். ஒன்பதையும் 'ஒன்று குறைந்த பத்து' என்று பிரிப்பவர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் அந்தப் 'பது'வுக்கும் வேலை கிடைத்துவிடுகிறது. இந்த வழக்கம் உலகில் புதிதல்ல. சமஸ்கிருதத்தில் பத்தொன்பது 'ஏகோனவிம்சதி', அதாவது ஒன்று குறைந்த இருபது. இந்தியின் 'உன்னீஸ்' அதன் வாரிசு. ரோமானியர் 19-ஐ 'உன்தேவிகிந்தி' என்றார்கள், பொருள் அதேதான். நாமும்கூட, "பத்து மணிக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு" என்கிறோமே.

தொண்டும் ஒன்பதும் ஒருகாலத்தில் அருகருகே வாழ்ந்தவை. எதுகை, மோனை போன்ற தொடை வகைகளைத் தொகை சொல்லும் தொல்காப்பியச் செய்யுளியல் நூற்பா, 'தொண்டுதலையிட்ட பத்துக்குறை எழுநூற்று ஒன்பஃது' என்கிறது. பத்துக் குறைந்த எழுநூறு என்று கழித்தும் எண்ணுகிறது, இரண்டு ஒன்பதுகளையும் ஒரே மூச்சில் சொல்லியும்விடுகிறது.