கழிப்பறைக் கதவு மூடுகிறதா? பழைய பாய்மரப் படகு வாங்கும் முன்

ஆல்பெர்க் 30 படகு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, முன்பணம் கொடுக்கலாமா என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, கழிப்பறைக் கதவு ஒழுங்காக மூடுகிறதா என்பதைத்தான். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாக் கரையில் பழைய படகுகளைச் சோதித்துச் சொல்வது என் தொழில். அந்தக் கதவு எனக்கு நிறையச் சொல்லும்.

படகை வரைந்தவர் கார்ல் ஆல்பெர்க். ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் பிறந்து, 1925-ல் அமெரிக்கா வந்தார். 1929-ல் பாஸ்டனில் படகு வடிவமைப்பாளர் ஜான் ஆல்டனின் வரைவு அலுவலகத்தில் சேர்ந்தார். அவர் பெயர் பரவலாகத் தெரிந்தது ரொம்பத் தாமதமாக, அறுபதை நெருங்கியும் தாண்டியும்தான். படகு கட்டும் பியர்சன் நிறுவனத்துக்காக வரைந்த 28 அடி டிரைட்டன் 1959-ல் நியூயார்க் படகுக் கண்காட்சிக்கு வந்தது. ஃபைபர் கிளாஸ் படகை நடுத்தரக் குடும்பமும் வாங்கலாம் என்று காட்டியது அதுதான். எழுநூறுக்கும் மேல் கட்டினார்கள். 1962 முதல் கனடாவில் ஆல்பெர்க் 30. அப்புறம் கேப் டோரி படகுகள். 1986-ல் இறந்தார்.

அவர் கோடுகளின் அழகுக்குக் காரணம் உண்டு. ஆல்பெர்க் 30-ன் மொத்த நீளம் 30 அடி 3 அங்குலம். நிற்கும்போது நீரைத் தொடுவது 21 அடி 8 அங்குலம் மட்டும். நீர்க்கோடு நீண்டால் அன்றைய பந்தய விதி அபராதம் போடும். அதனால் முன்னும் பின்னும் நீருக்கு மேலே நீட்டி வரைந்தார்கள். காற்றில் படகு சாயும்போது அந்த நீட்டல்கள் நீரில் இறங்கி, படகுக்கு நீளமும் வேகமும் கொடுக்கின்றன. சுமார் 4 டன் படகில் ஒன்றரை டன், படகை நிமிர்த்தி வைக்க அடியில் இருக்கும் பாரம். அதுவும் உடலுக்குள்ளேயே வைத்து மூடப்பட்டது. துருப்பிடித்து அறுந்துபோக, அடிக்கட்டையை (படகின் அடியில் நீருக்குள் இறங்கும் பகுதி) பிடிக்கும் போல்ட்டுகளே கிடையாது. சுக்கான் நீண்ட அடிக்கட்டையின் பின்விளிம்பிலேயே தொங்குகிறது. மிதக்கும் கயிறோ வலையோ மாட்டுவது அபூர்வம். கியூபெக்கின் ஈவ் ஜெலினா 1981-ல் பிரான்சின் சென் மாலோவிலிருந்து இதே ரகப் படகில் தனியாகக் கிளம்பினார். தென் பசிபிக்கில் படகு உருண்டு பாய்மரம் போனது. படகு நிமிர்ந்தது, சரிசெய்துகொண்டு 1983-ல் கியூபெக்கின் காஸ்பே சேர்ந்தார்.

இதைக் கேட்டுவிட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள். வரைந்தவர் கொடுத்த வலு அடி உடலில் இருக்கிறது; வயது ஏறுவது மேல்தளத்தில். மேல்தளம் இரண்டு ஃபைபர் கிளாஸ் அடுக்குகளும் நடுவே ஒரு நிரப்பியும். டிரைட்டனில் அது பால்சா மரம், ஆரம்பகால ஆல்பெர்க் 30-ல் மரநாரை அழுத்திச் செய்த மேசனைட் பலகை. திருகு ஓட்டைகள் வழியாக இறங்கும் நீர் அதைக் கூழாக்கிவிடும். சின்ன பிளாஸ்டிக் சுத்தியலால் அடி அடியாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், ஊறிய இடத்தில் மொத்தென்று.

பாய்மரம் நிற்பதும் அந்த மேல்தளத்தின் மேல்தான். கீழே ஒரு குறுக்குச் சட்டம் தாங்குகிறது. பழைய படகுகளில் அது மரப்பட்டைகளை அடுக்கி ஒட்டிச் செய்தது. விரிசல் விட்டால் தளம் அமுங்கும், கீழே இருக்கும் கழிப்பறைக் கதவின் நிலை நசுங்கும்.

போன ஆண்டு ஓர் இளம் தம்பதி சோதனைக்குச் செலவழிக்காமல் வாங்கிவிட்டு, அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். கதவு இறுகுகிறது என்று முந்தைய உரிமையாளர் அதன் மேல்விளிம்பை இழைத்திருந்தார். இழைத்த தடத்துக்குப் புது வண்ணம். சட்டத்தில் விரல்நகம் நுழையும் விரிசல். எனக்கு மனசு கேட்கவில்லை; ஒரு மணி நேரச் சோதனை அவர்களுக்கு ஒரு பருவத்தையே மிச்சப்படுத்தியிருக்கும். பாய்மரத்தை இறக்கி, சட்டத்தை மாற்றி, அந்தக் கோடை முழுவதும் படகு கரையிலேயே இருந்தது.